மங்கையர்க்கரசியின் பிரதி

வக்கீல் மங்கையர்க்கரசியின் பெயரை உயர் நீதிமன்ற நீதிபதி பதவிக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்ற செய்தி வந்தபோது, அவரைவிட அதிகமாகச் சந்தோஷப்பட்டவர் அவருடைய குமாஸ்தா சோலைமலைதான். மதுரை சிம்மக்கல்லில் இருந்த அந்த ஆபீஸில் இருபத்தாறு வருடமாக வழக்குக் காகிதங்களைக் கட்டுக் கட்டுகிறவர், வாய்தா தேதி குறிக்கிறவர், வழக்கோடு அழுதுகொண்டு வருகிறவர்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுக்கிறவர் எல்லாம் அவர்தான். அவர் 'அம்மா' என்று கூப்பிடும் அந்த வக்கீலின் பெயர் இதற்கு முன் இரண்டு முறை மேலே போய், இரண்டு முறையும் திரும்பி வந்திருந்தது. அம்மாவுக்கு இப்போது ஐம்பத்தாறு வயது. இந்தத் தடவையும் நழுவினால் அடுத்த தடவை என்று ஒன்று கிடையாது. அவரை அந்த நாற்காலியில் பார்த்துவிட்டால் போதும், தன் உத்தியோகம் நல்லபடியாக முடிந்தது என்று சோலைமலை நினைத்துக்கொண்டிருந்தார்.

மத்தியானத்துக்குள் கட்சிகளுக்கும் செய்தி போய்ச் சேர்ந்தது. ஆளுங்கட்சி மாவட்டச் செயலாளர், 'பெண்களின் காவல் அரண்' என்று ஆள் உயரத்தில் ஒரு பேனர் வைத்தார். காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டு உயிருக்குப் பயந்து ஓடி வந்த பதினேழு ஜோடிகளுக்கு அம்மா கோர்ட்டில் வாதாடிப் போலீஸ் பாதுகாப்பு வாங்கிக் கொடுத்திருந்தார். அதுதான் காரணம். அதே பதினேழைக் காரணமாக வைத்து எதிர்க்கட்சி, 'குடும்பத்தைக் கெடுக்கும் வக்கீல் நீதிபதியா?' என்று எதிர்ச் சுவரில் போஸ்டர் ஒட்டியது. இரண்டு பேருமே அம்மாவைப் பற்றித் தெரிந்துகொண்டது அன்றைய பேப்பரில்தான். இருந்தாலும் டீக்கடையில் ஒருவன் அடுத்தவனின் சட்டையைப் பிடிக்கிற அளவுக்கு ஆவேசம் வந்துவிட்டது.

ஆனால் இதெல்லாம் வெறும் முன்னோட்டம். உண்மையான சண்டை பிரதி வந்த பிறகுதான் ஆரம்பிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஆறு வருடத்துக்கு முன்பு, அம்மாவின் பெயர் இரண்டாவது தடவை திரும்பி வந்த பிறகு வந்த சட்டம் அது. ஒருவர் நீதிபதியானால் எப்படித் தீர்ப்புச் சொல்வார் என்று ஏன் ஊகம் செய்துகொண்டிருக்க வேண்டும் என்று கேட்டவர்கள் கொண்டுவந்த சட்டம். பெயர் அறிவிக்கப்பட்டவர் முப்பது வருடத்தில் எழுதியது, பேசியது அத்தனையையும் நியமன ஆணையம் வாங்கிக்கொள்ளும். அதையெல்லாம் கரைத்துக் குடித்த இயந்திரம் அவரைப் போலவே யோசிக்கும் ஒரு பிரதியை உண்டாக்கும். குரல்கூட அவருடைய குரலாகவே இருக்கும். இருபத்தொரு நாள் அந்தப் பிரதியிடம் யார் வேண்டுமானாலும் போய் எந்த வழக்கை வேண்டுமானாலும் சொல்லலாம். அது தீர்ப்புச் சொல்லும். அந்த இருபத்தொரு நாளும் அசல் ஆள் வெளியில் வாய் திறக்கக் கூடாது. பிறகு ஒன்பது பேர் கொண்ட குழு ஓட்டுப் போடும். நான்கு பேர் ஆளுங்கட்சி, நான்கு பேர் எதிர்க்கட்சி, நடுவில் தலைவராக ஓய்வு பெற்ற ஒரு நீதிபதி.

அம்மாவின் காகிதங்களைத் திரட்டி ஆணையத்தில் ஒப்படைத்தவர் சோலைமலை. மூன்று வாரம் தூசி தட்டினார். வழக்குக் கட்டுகள், வாதக் குறிப்புகள், கூட்டங்களில் பேசிய பேச்சுகள், இவற்றோடு கடிதங்கள். சிறையிலிருந்தும் கிராமங்களிலிருந்தும் ஹாஸ்டல்களிலிருந்தும் ஏழை ஜனங்கள் அம்மாவுக்கு எழுதிக்கொண்டே இருப்பார்கள். வந்த ஒவ்வொரு கடிதமும் அதோடு போட்ட பதிலின் நகலும் ஆபீஸில் இருந்தன. ஒரு கடிதத்துக்குக்கூடப் பதில் போடாமல் விட்டதில்லை என்பதில் சோலைமலைக்குத் தனிப் பெருமை. எல்லாவற்றையும் பெட்டியில் வைத்துக் கொடுத்தார். ஆணையத்தின் படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: 'இவற்றில் அவர் பெயரில் பிறர் எழுதியவை உண்டா?' சோலைமலை ஒரு நொடிகூட யோசிக்காமல் 'இல்லை' என்று எழுதினார்.

அவர் பொய் சொல்லவில்லை. வக்கீல் ஆபீஸ் பழக்கம் தெரிந்த எவரும் அப்படித்தான் எழுதியிருப்பார்கள். குமாஸ்தா எழுதுவான், வக்கீல் கையெழுத்துப் போடுவார். கையெழுத்து யாருடையதோ கடிதம் அவருடையது. குமாஸ்தா எழுதினான் என்று யாராவது தனியாகச் சொல்வார்களா?

*

எட்டு நாள் பிரதி அம்மாவைப் போலவே பேசியது. வாடகைத் தகராறு, லஞ்ச வழக்கு, ஆற்று மணல் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். ஆளுங்கட்சிக்காரர்கள் ஒவ்வொரு பதிலுக்கும் கைதட்டினார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் ஒவ்வொரு பதிலுக்கும் வெளிநடப்புச் செய்தார்கள்.

ஒன்பதாம் நாள் எதிர்க்கட்சி மகளிரணித் தலைவி ஒருவர் கேட்டார். "வீட்டை மீறிக் கல்யாணம் பண்ணிக்கிட்ட பத்தொன்பது வயசுப் பொண்ணு. உயிருக்குப் பயம், பாதுகாப்பு வேணும்னு கேக்குது. அப்பா சமாதானம் பேசக் கூப்பிடுறார். உங்க உத்தரவு என்ன?" பிரதியின் வாயால் குடும்ப விரோதமாக ஏதாவது வரவழைத்து அதைப் போஸ்டர் அடிப்பதுதான் அவருடைய திட்டம்.

சோலைமலை ஆபீஸில் டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். அம்மாவின் குரலில் பிரதி நிதானமாகச் சொன்னது: "பெண் பெற்றோர் வீட்டுக்குப் போய் வரட்டும். ஒரு வாரம் தாயின் கையால் சாப்பிட்ட பிறகு அவள் என்ன சொல்கிறாளோ, அதுவே முடிவு."

கேள்வி கேட்ட அம்மையாரே கேள்வியை மறுபடி ஒரு தடவை படித்துப் பார்த்தார். அது அம்மாவின் வார்த்தை அல்ல. அம்மா இப்படி ஒருநாளும் சொல்லமாட்டார். அந்த வாக்கியத்தை எழுதியவர் சோலைமலைதான். ஒரு தடவை அல்ல, பல தடவை எழுதியிருக்கிறார்.

ஆரம்பத்தில் அம்மா பதில்களைச் சொல்லச் சொல்ல அவர் எழுதுவார். வேலை கூடக் கூட அம்மா, "அண்ணே, நீங்களே பார்த்து ஒரு பதில் போட்டுருங்க" என்று சொல்ல ஆரம்பித்தார். சனிக்கிழமை சாயங்காலம் நாற்பது ஐம்பது கடிதங்களை ஒன்றன் கீழ் ஒன்றாகக் கையெழுத்து தெரிகிற மாதிரி விசிறிபோல் விரித்துவைப்பார் சோலைமலை. அம்மா போனில் பேசிக்கொண்டே கையெழுத்துப் போடுவார். பதினோரு வருடமாக அந்தக் கடிதங்களில் ஒன்றைக்கூட அம்மா படித்ததில்லை. சட்டம் சம்பந்தப்பட்டதை சோலைமலை சட்டப்படி எழுதினார். மனசு சம்பந்தப்பட்டதை அவர் மனசுப்படி எழுதினார்.

அந்த மனசில் ஒரு புண் இருந்தது. அவருடைய ஒரே மகள் யாழினி, அவர் வேண்டாம் என்று சொன்ன பையனோடு போனவள். போலீஸ் ஸ்டேஷனில் வைத்து, "ஒரு வாரம் அம்மா கையால சாப்டுட்டு அப்புறம் போடி" என்று கெஞ்சினார். அவள் அவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பிறகு அவர் மனைவி பஞ்சவர்ணம் இறந்தபோது தெருமுனை வரை வந்து நின்று, ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போனாள். தன் மகளிடம் செல்லாத அந்த வார்த்தை மற்ற வீட்டு மகள்களிடமாவது செல்லட்டும் என்று சோலைமலை நினைத்திருக்க வேண்டும். அப்படி நினைத்ததுகூட அவருக்கு அன்று வரை தெரியாது.

மறுநாள் ஊரே தலைகீழாகத் திரும்பிவிட்டது. 'பெண்களின் காவல் அரண்' பேனரை அதை வைத்த மாவட்டச் செயலாளரே முன்னால் நின்று கிழித்தார். எதிர்க்கட்சிக்காரர்கள் தாங்கள் ஒட்டிய போஸ்டரின் மேலேயே 'குடும்பம் காக்க வந்த தாயே வருக' என்று புதிதாக ஒட்டினார்கள். பசைகூடக் காயாததால் பழைய எழுத்து அடியில் தெரிந்தது. டீக்கடையில் அதே இரண்டு பேர் சண்டை போட்டார்கள். ஆனால் இந்தத் தடவை இவன் பேசியதை அவனும் அவன் பேசியதை இவனும் பேசினார்கள்.

*

சோலைமலை ஆணையத்தின் ஆபீஸுக்குப் போனார். காகிதங்களை ஒப்படைத்தபோது ரசீது கொடுத்த இன்ஜினீயர் தமயந்தி அங்கே இருந்தாள். முப்பது வயது இருக்கும். அவரைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"ஒரு சந்தேகம்மா. அம்மா கோர்ட்ல பதினேழு தடவை ஒரு மாதிரி பேசியிருக்காங்க. உங்க பிரதி வேற மாதிரி சொல்லுதே, எப்படி?"

"எல்லாரும் அதைத்தான் சார் கேக்குறாங்க. கோர்ட்ல பேசுறது கிளையன்ட்டுக்காகப் பேசுறது. நாளைக்கு எதிர்த் தரப்பு வந்து கூப்பிட்டா அதுக்கும் பேசுவாங்க. அதனால வாதத்துக்கு எடை கம்மி. கடிதம் அப்படி இல்ல. பீஸ் வாங்காம, யாரும் பாக்காம, முன்னப்பின்ன தெரியாத ஒருத்தருக்கு எழுதுறது. அதுலதான் ஒரு ஆளோட மனசு இருக்கும். மேடம் பிரதியில முக்கால்வாசி அந்தக் கடிதங்கள்தான் சார். இவ்வளவு கடிதம் எழுதின வக்கீலை நாங்க பார்த்ததே இல்ல."

சோலைமலை கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஒருவேளை அதுல ஏதாவது தப்பா சேர்ந்திருந்தா?"

"பிரதி செல்லாது. பிரதி செல்லாட்டி நியமனமும் செல்லாது. அந்தப் பேரை மறுபடி அனுப்ப முடியாது. இருபத்தொண்ணாம் நாள் அஞ்சு மணி வரைக்கும் யாரு வேணா ஆட்சேபணை மனு கொடுக்கலாம். ஏன் சார், ஏதாவது பிரச்சினையா?"

"சும்மாதாம்மா கேட்டேன்." எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார். "அம்மா நீதிபதி ஆயிட்டா இந்தப் பிரதியை அழிச்சிருவீங்கதானே?"

"இல்ல சார். அது கூடவே ஓடிக்கிட்டு இருக்கும். மேடம் சொல்ற தீர்ப்பும் பிரதி சொல்றதும் மூணு வழக்குல மாறிட்டா விசாரணை வைப்பாங்க. சொன்ன மாதிரி நடந்துக்கலைன்னு ஆயிரும்ல."

*

பன்னிரண்டாம் நாள் ஆளுங்கட்சி டிவி அடுத்த குண்டைப் போட்டது. பிரதி ஒரு பதிலை எந்த மூலத்திலிருந்து எடுத்தது என்று கேட்க சட்டத்தில் வழி இருந்தது. அவர்கள் கேட்டுவிட்டார்கள். மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு கடிதம் திரையில் வந்தது.

கோயம்புத்தூர் ஹாஸ்டலிலிருந்து இசைவாணி என்ற பெண் எழுதியிருந்தாள். வயது பத்தொன்பது. வீட்டை மீறிக் கல்யாணம் செய்துகொண்டவள். அப்பா சமாதானம் பேசக் கூப்பிடுகிறார், போகலாமா வேண்டாமா என்று புரியவில்லை, உங்களை டிவியில் பார்த்திருக்கிறேன், 'நீங்கள் சொன்னால் போகிறேன் மேடம்' என்று முடித்திருந்தாள். அதன் கீழே பதில் வந்தது. போய் வா மகளே, ஒரு வாரம் தாயின் கையால் சாப்பிடு, பிறகு முடிவு செய். அடியில் மங்கையர்க்கரசியின் கையெழுத்து.

இசைவாணி போனாள். நான்காம் நாள் இறந்துபோனாள். வயிற்று வலி தாங்காமல் பூச்சி மருந்து குடித்துவிட்டாள் என்று போலீஸ் எழுதி மூடிவிட்டது. வீட்டார்தான் கொன்றுவிட்டார்கள் என்று அவள் கணவன் ஒரு பக்கம் கத்திக்கொண்டு அலைந்ததை யாரும் காதில் வாங்கவில்லை. இப்போது அவனைக் கூப்பிட்டு மைக்கைக் கையில் கொடுத்திருந்தார்கள். அவன் கட்சி எதையும் பற்றிப் பேசவில்லை. "அந்த லெட்டரைத் தலமாட்டுல வச்சுக்கிட்டுதான் தூங்குவா. மேடமே எழுதிட்டாங்க, பயமில்லைன்னு என்கிட்ட சொல்லிட்டுத்தான் பஸ் ஏறினா" என்று மட்டும் சொன்னான்.

சோலைமலை டிவியை அணைத்தார். கட்டுகள் அடுக்கிய பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்தப் பெண்ணின் கடிதம் அவருக்கு ஞாபகம் இருந்தது. மணிமணியான கையெழுத்து. இப்படி எழுதுகிற பிள்ளை வீட்டில் செல்லமாக வளர்ந்த பிள்ளையாகத்தான் இருக்கும் என்று அப்போது நினைத்துக்கொண்டார். நல்லது செய்கிறோம் என்று நினைத்து ஒரு குழந்தையைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விட்டுவந்திருக்கிறோம் என்று அவருக்குத் தோன்றியது. வாய்விட்டு அழுதார்.

ஆளுங்கட்சி 'கொலைக் கடிதம்' என்று ஊர்வலம் போனது. அந்தப் பெண் வயிற்று வலி தாங்காமல்தான் இறந்தாள், போலீஸே சொல்லியாகிவிட்டது, ஒரு தாய் எழுதிய கடிதத்தைக் கொச்சைப்படுத்தாதே என்று எதிர்க்கட்சி எதிர் ஊர்வலம் போனது. இரண்டு ஊர்வலத்திலும் இசைவாணியின் படம் இருந்தது. குழுத் தலைவரான ஓய்வு பெற்ற நீதிபதி, பிரதியின் பார்வையில் ஒரு முதிர்ச்சி தெரிகிறது என்று யாரிடமோ சொன்னதாகப் பேச்சு. எண்ணிப் பார்த்தவர்கள் ஐந்துக்கு நான்கு என்று அம்மா ஜெயித்துவிடுவார் என்றார்கள்.

*

மறுநாள் காலையில் அம்மா ஆபீஸுக்கு வந்தார். கதவைச் சாத்திவிட்டு வழக்கமாக வழக்கோடு வருகிறவர்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தார். முகம் வீங்கியிருந்தது.

"அண்ணே, அந்தக் கடிதம்…"

"நான் எழுதினதுதாம்மா."

"தெரியும். டிவியில ரெண்டு வரி படிக்கும்போதே தெரிஞ்சிருச்சு."

சோலைமலை அவர் காலில் விழப் போனார். அம்மா பதறிப்போய்த் தோளைப் பிடித்து நிறுத்தினார். "என்னண்ணே இது, எந்திரிங்க."

"நான் போய் ஆணையத்துல சொல்லிடுறேம்மா. அம்மாவுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல, எல்லாம் நான் எழுதினதுன்னு."

"சொன்னா என்ன ஆகும் தெரியுமா?"

"தெரியும்மா."

அம்மா மெதுவாகப் பேசினார். "முப்பது வருஷம்ணே. மூணாவது தடவை. ஓட்டு முடியட்டும். உள்ள போயிட்டேன்னா இந்த மாதிரிப் புள்ளைங்களுக்கு நான் என்ன செய்வேன்னு உங்களுக்குத் தெரியும்ல? ஒரு கடிதத்துக்காக அது மொத்தத்தையும் விடணுமா?"

"மூணு வழக்குல மாறினா விசாரணைன்னு அந்த இன்ஜினீயர் பொண்ணு சொன்னுச்சு."

"பார்த்துக்கலாம். சாமர்த்தியமா எழுதிக்கலாம். இப்ப எதுவும் சொல்லாதீங்க. எனக்காக."

இருபத்தாறு வருடத்தில் அம்மா அவரிடம் தனக்காக என்று எதையும் கேட்டதில்லை. சரி என்று தலையாட்டினார். சத்தியமாகச் சொல்ல வேண்டுமானால், அப்படித் தலையாட்டியபோது அவருக்குள் ஒரு நிம்மதியும் வந்தது. அம்மாவே சொல்லிவிட்டார். அம்மா சொன்னதைச் செய்வதுதானே தன் வேலை.

ஆனால் அந்த நிம்மதி ஒட்டவில்லை. சாப்பாட்டை எடுத்து வைத்தால் 'தாயின் கையால்' என்ற வார்த்தை வந்து நின்றது. ஒரு வாரத்தில் ஆள் பாதியாகிவிட்டார்.

*

இருபத்தொன்றாம் நாள் பிற்பகல் மூன்று மணிக்கு அவர் ஆணையத்தின் கேள்வி மண்டபத்துக்குப் போனார். வாசலில் ஒரு பக்கம் ஆளுங்கட்சி, மறு பக்கம் எதிர்க்கட்சி, நடுவில் போலீஸ். எதிர்க்கட்சிப் பக்கம் பட்டாசுச் சரத்தை முன்கூட்டியே விரித்து வைத்திருந்தார்கள். வரிசையில் நின்று, ஒரு சின்னக் கண்ணாடி அறைக்குள் போய், மைக் முன்னால் உட்கார்ந்தார்.

எதற்கு வந்தோம் என்று அவருக்கே தெளிவாகத் தெரியவில்லை. அம்மாவிடம் கேட்க முடியாததை அம்மாவின் குரலிடமாவது கேட்கலாம் என்று வந்தாரோ என்னவோ.

"ஒரு வக்கீல் ஆபீஸ்" என்று ஆரம்பித்தார். "குமாஸ்தா கடிதம் எழுதுறாரு. வக்கீல் படிக்காம கையெழுத்துப் போடுறாங்க. அந்தக் கடிதத்தை நம்பி ஒரு பொண்ணு தன் வீட்டுக்குப் போகுது. போன இடத்துல செத்துப்போகுது. யார் குற்றவாளி?"

பிரதி கொஞ்சம்கூடத் தாமதிக்கவில்லை. அம்மாவின் குரலில், ஆறுதலாக, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் சொன்னது.

"எழுதியவர் மீது குற்றமில்லை. அவர் தனக்குச் சொல்லப்பட்ட வேலையைச் செய்தார். நல்லெண்ணத்தோடு எழுதினார். அவருக்கும் ஒரு மகள் இருந்திருக்கலாம். பொறுப்பு கையெழுத்திட்டவருடையது. படித்துப் பார்த்திருக்க வேண்டியது அவர்தான்."

மகளைப் பற்றிச் சோலைமலை ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை. அம்மாவின் குரலில் பேசுகிறதே தவிர, உள்ளே உட்கார்ந்திருப்பது யார் என்று அவருக்கு இப்போது சந்தேகமறத் தெரிந்தது. பதினோரு வருடம் கையெழுத்துக்குப் பின்னால் பத்திரமாக நின்றுகொண்டு அடுத்த வீட்டுப் பெண்களுக்குப் புத்தி சொன்ன ஆள். இப்போதும் அதே இடத்தில் நின்றுகொண்டு அம்மாவைக் கை காட்டுகிற ஆள். அம்மாவுக்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறோம் என்று இத்தனை நாள் தன்னிடமே சொல்லிக்கொண்டிருந்தாரே, அதுவும் பொய். நாளைக்கு இந்த ஆள்தான் தீர்ப்பு எழுதப் போகிறான். பயந்து ஓடி வரும் ஒவ்வொரு பெண்ணையும் வீட்டுக்குத் திருப்பி அனுப்பப் போகிறான். இரண்டு தடவைக்கு மேல் அம்மாவால்கூட அவனை மறுக்க முடியாது.

அவர் தன்னையே அருவருத்தார். எழுந்து வெளியே வந்தார்.

ஆட்சேபணைக் கவுன்டரில் ஒரு படிவம் வாங்கினார். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து எழுதினார். இருபத்தாறு வருடம் மனு எழுதிய கைக்கு இந்த ஒரு பக்கம் முக்கால் மணி நேரம் பிடித்தது. எழுதி முடித்ததும் கவுன்டருக்குப் போகாமல் அம்மாவுக்குப் போன் செய்தார்.

"அம்மா, நான் ஆணையத்துல இருக்கேன்."

அம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

"வேண்டாம்னு சொன்னேன்லண்ணே."

"சொன்னீங்கம்மா. அதை மீறித்தான் எழுதியிருக்கேன். அம்மாவுக்குத் தெரியாம கொடுக்க மனசு வரல."

"கொடுத்தா நான் முடிஞ்சேன். தெரியும்ல?"

"தெரியும்மா." கையிலிருந்த படிவத்தைப் பார்த்தார். "அந்தப் பொண்ணு நம்ம ஆபீஸை நம்பிப் பஸ் ஏறியிருக்கும்மா."

வெளியே யாரோ கோஷம் போட்டார்கள். அதற்குப் பதில் கோஷம் வந்தது. இரண்டும் ஓய்ந்த பிறகு அம்மா பேசினார். குரல் உடைந்திருந்தது. "படிங்க."

"என்னம்மா?"

"எழுதினதைப் படிங்கண்ணே. முழுசா. நான் கேக்குறேன்."

சோலைமலை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். 'கோயம்புத்தூர் ஹாஸ்டலில் இருந்த இசைவாணி என்ற பெண்ணுக்கு மூன்று வருடத்துக்கு முன் சென்ற கடிதத்தை எழுதியவன் நான். அவளை வீட்டுக்குப் போகச் சொன்னவன் நான். பதினோரு வருடமாக இந்த அலுவலகத்திலிருந்து போன பதில்களை எழுதியவனும் நானே. படிவத்தில் பிறர் எழுதியவை இல்லை என்று எழுதியது தவறு. நீங்கள் பிரதி என்று வைத்திருப்பது வக்கீல் மங்கையர்க்கரசியின் மனசு அல்ல, என்னுடையது. அது நீதிபதியாக இருக்கத் தகுதியில்லாதது. வக்கீல் அவர்களுக்கு வேலைப்பளு காரணமாகக் கடிதங்களைப் படிக்க நேரம் இருக்கவில்லை.' அதன் கீழே தேதியும் அவர் பெயரும் இருந்தன.

அம்மா குறுக்கே பேசாமல் கேட்டார். ஒரு தடவை மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் வந்தது.

"கடைசி வரி சரியில்லண்ணே."

"சொல்லுங்கம்மா."

"நேரம் இருந்துச்சு. வேலைப்பளு, நேரம் இல்ல, அதையெல்லாம் அடிச்சிருங்க. படிக்கவில்லைன்னு மட்டும் போடுங்க."

சோலைமலை பேனாவைத் திறந்து அந்த வரியை அடித்தார். மேலே சிறிய எழுத்தில் 'வக்கீல் அவர்கள் படிக்கவில்லை' என்று எழுதி, பக்கத்தில் தன் சுருக்கொப்பத்தைப் போட்டார். மணி நாலே முக்கால் ஆகியிருந்தது. போனை அணைக்காமல் கையில் பிடித்துக்கொண்டே கவுன்டருக்கு நடந்தார்.